நொச்சியூர் தொகுதியின் அஞ்சு அடிக்கல்லு

எங்க நொச்சியூர் பாராளுமன்றத் தொகுதி செத்துப்போச்சுன்னு டிவியில சொன்ன அன்னிக்கு கொறங்காட்டூர்ல ஒருத்தரும் அழுவலீங்க, ஆனா பதினாறாம் நாள் கருமாதி மட்டும் முறையா வெச்சோம், ஏன்னா அம்பது வருசம் நம்மகூட இருந்த ஒண்ணைச் சும்மா அனுப்பி வெச்சா நல்லாருக்காதுன்னு பாவாயி சொல்லிப்போட்டா, பாவாயி சொன்னா எங்கூர்ல பஞ்சாயத்துத் தலைவரே எந்திரிச்சு நிப்பாரு, அவ வளக்கிற ஆடு மட்டும்தான் யாருக்கும் எந்திரிக்காது.

தொகுதி எப்பிடிச் சாகும்னு கேப்பீங்க. எங்கியோ ஒரு ஆபீசுல வரைபடத்தை விரிச்சுப் பழைய கோட்டை அழிச்சுப் புதுக் கோடு போட்டிருக்காங்க, அவ்வளவுதான். அதுல ஆத்துக்கு இக்கரை ஒரு தொகுதிக்குப் போச்சு, அக்கரை இன்னொரு தொகுதிக்குப் போச்சு, நடுவுல ஓடுற நொச்சியாறு மூணாவது தொகுதிக்குப் போச்சு. அப்ப ஆத்துல இருக்கிற கெண்டை மீனுக்கெல்லாம் பூத் சிலிப்பு யாரு குடுப்பாங்கன்னு நான் கேட்டேன், கிராம நிர்வாக அலுவலர் சிரிக்காம, அதெல்லாம் மேலிடத்துல பாத்துக்குவாங்கன்னு சொன்னாரு.

நான் சென்னியப்பன். படிப்பு அஞ்சாங்கிளாசு, அதுலயும் ரெண்டு வருசம் ஒரே பெஞ்சு. ஒரு ஆட்டோ இருக்குது, அதுக்கு மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கர் இருக்குது, தேர்தல் வந்தா ஓட்டுக் கேட்டு ஓட்டுவேன், தேர்தல் இல்லீன்னா மூலத்துக்கு மருந்து, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். எனக்கு ஒரு வியாதி, யாரு பேசுனாலும் ஒரு தடவை கேட்டாப் போதும், அந்த ஆளு என் தொண்டைக்குள்ள குடி வந்துருவாரு. என் மாமனார் குரல்ல போன் பண்ணி என் பொண்டாட்டி பழனாத்தாகிட்டயே கறிக்கொழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டவன் நானு.

சரி, கருமாதிக்கு வருவோம். எலையப் போட்டு, வடை சுட்டு, ஆத்தங்கரையில சனமெல்லாம் கூடியிருக்கையில, படையல் வைக்கிறதுக்குச் செத்தவங்க போட்டோ வேணுமில்லீங்க, தொகுதிக்கு ஏது போட்டோ, அதனால அஞ்சு அடிக்கல்லுக்கும் மஞ்ச குங்குமம் வெச்சு மாலை போட்டோம்.

அந்த அஞ்சு கல்லைச் சொல்லாட்டி எங்க தொகுதியச் சொன்ன மாதிரியே ஆகாது. எங்களுக்கு வந்த அஞ்சு எம்.பி.யும் குடுத்தது ஒரே வாக்குறுதிதான், ஆத்துக்குப் பாலம். ஒவ்வொருத்தரும் ஜெயிச்சு ஒரு சித்திரை மாசம், ஆத்துல மணல் மட்டும் கெடக்கிற சமயமாப் பாத்து, மேளத்தோட வந்து ஒரு அடிக்கல்லு நட்டுவெச்சுட்டுப் போனாங்க. முந்தின ஆளு நட்ட கல்லுக்குப் பக்கத்துல நட்டா மருவாதி இல்லைன்னு, ஒவ்வொருத்தரும் அதைத் தாண்டி இருவது முப்பது கெஜம் முன்னால போயி நட்டாங்க. அம்பது வருசத்துல கல்லு மட்டும் ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிருச்சு, நாங்கதான் போகல.

மொதக் கல்லு சபாபதி வாத்தியாரு கல்லு, கதர்ச் சட்டை, பேசறதுக்கு முன்னால மூணு தடவை இருமுவாரு, எதுக்கெடுத்தாலும் "பொறுமையாப் பண்ணிக்கலாம் கண்ணுகளா"ம்பாரு, பொறுமையாத்தான் போயும் சேந்தாரு. அந்தக் கல்லுல பாவாயி ஆடு கட்டியிருந்தா. ரெண்டாவது தீக்கனல் திருமேனி, அவரு மைக்கைப் புடிச்சா ஆறுங்கிற சொல்லுக்கு ஆயிரம் சொல்லு சேத்துக் கட்டுவாரு, அந்தக் கல்லுல துணி தொவச்சாங்க. மூணாவது மருதாசலம், கண்டக்டரா இருந்து பஸ் மொதலாளி ஆனவரு, பாராளுமன்றத்துக்குள்ள போனப்பவும் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க"ன்னாராம். அந்தக் கல்லுலதான் பரிசல் கட்டுவாங்க. நாலாவது கல்லு ஆத்துக்கு நட்ட நடுவுல, ஆழமான மடுவு ஓரத்துல, வருசத்துல ஒம்பது மாசம் தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்கும், அது வையாபுரி எம்.பி. கல்லுன்னு ஊரே சொல்லும். அஞ்சாவது டாக்டர் இளஞ்சேரல், அக்கரை ஓரம், காதுல போனை வெச்சுக்கிட்டே கல்லு நட்டவரு, "ப்ராசஸ்ல இருக்கு, லைன்ல இருங்க"ன்னு சொன்னவரு இன்னும் லைனுக்கு வரல.

கருமாதியில சனம் சும்மா உக்காந்திருக்கக் கூடாதேன்னு, நான் ஒவ்வொரு கல்லா நின்னு அந்தந்த ஆளாட்டமே பேசிக் காட்டலாம்னு ஆரம்பிச்சேன். மொதக் கல்லுகிட்ட மூணு தடவை இருமிட்டு, "பொறுமையாப் பண்ணிக்கலாம் கண்ணுகளா, இந்தக் கல்லு நாளைக்கே தூணாகும், தூணு பாலமாகும்"னு வாத்தியாரு சொன்னதை அப்பிடியே சொன்னேன், சனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது, ரெண்டாவது கல்லுக்குப் போறதுக்குள்ள வடை தீந்துபோச்சு, வீட்டுக்குப் போயிட்டோம்.

மறுநா விடிஞ்சதும் பாவாயி வந்து என் வாசல்ல நின்னா. "ஏனுங் சென்னி, என்ற ஆட்டைக் கொஞ்சம் எறக்கி உட்டுட்டுப் போங்க."

போயிப் பாத்தா வாத்தியாரு கல்லு ஆளு ஒசரம் வளந்து நிக்குது, உச்சியில பாவாயி ஆடு நின்னுக்கிட்டு எங்களை ஓட்டுக் கேக்க வந்தவங்களைப் பாக்கிற மாதிரி பாக்குது.

யாரும் கத்தல, யாருக்கும் சாமி வரல. கல்லு மொளச்சிருக்குதுன்னாங்க, அவ்வளவுதான். அப்பறம் எதுக்கு மொளச்சுதுன்னு கேக்காம எப்பிடி வளக்கறதுன்னு சண்டை போட ஆரம்பிச்சாங்க. ஒருத்தரு வேப்பம் புண்ணாக்குப் போடச் சொன்னாரு, இன்னொருத்தரு யூரியா வெச்சாத்தான் எடுக்கும்னாரு, பாவாயி ராகிக் கூழ் கரைச்சு ஊத்துனா. ஒண்ணுக்கும் அசையல. பழனாத்தாதான் சொன்னா, புண்ணாக்கும் வேண்டாம் யூரியாவும் வேண்டாம், அந்த மனுசன் குரலைக் கேட்டுத்தான் வளந்துது, இன்னொருக்கா பேசிப் பாருங்கன்னு. நான் மறுபடி இருமுனேன், மறுபடி பேசுனேன், எங்க கண்ணு முன்னாடியே கல்லு ஒரு சாண் ஏறுச்சு.

அன்னியிலிருந்து எனக்கு ஊர்ல வந்த மருவாதி இருக்குதே, அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, என் பொண்டாட்டியே காப்பியில சக்கரை போட்டா. காலையில வாத்தியாரு, மத்தியானம் தீக்கனல், சாயங்காலம் கண்டக்டரு, அதுக்கப்பறம் பரிசல்ல போயி டாக்டருன்னு மொறை வெச்சுப் பேசுனேன். "ஆற்றைக் கடக்க ஆண்டாண்டாய் அலமந்து நிற்கும் அருமைத் தோழர்களே, ஆறு மாதம், ஆறே மாதம்"னு தீக்கனல் தொண்டையில முழங்குனா ரெண்டாவது கல்லு கிடுகிடுன்னு ஏறும். மூணாவது கல்லு "உள்ள போங்க"ன்னாத்தான் மேல போகும். அஞ்சாவதுக்குக் காதுல என் போனை வெச்சுக்கிட்டுப் பேசணும், வெறும் கையோட பேசுனா அது வளராது. தூணு தென்னை ஒசரம் வந்ததும் தலையில ரெண்டு பக்கமும் கெளை மாதிரி கல்லு நீட்டுச்சு, அந்தக் கெளையும் இந்தக் கெளையும் தொட்டு, ஆட்டோ போற அகலத்துக்குத் தளமாப் படிஞ்சுது.

அதிகாரிங்களும் வந்தாங்க. பொதுப்பணித்துறை எஞ்சினியர் ஒருத்தரு டேப்பைப் போட்டு அளந்துட்டு, எஸ்டிமேட் இல்லாம இது வளரக் கூடாதுன்னாரு, அவரு சொல்லிட்டிருக்கையிலயே வாத்தியாரு கல்லு ரெண்டு விரக்கடை ஏறுச்சு, அவரு மறுபடி அளந்தாரு. இடிக்கணும்னா எந்தத் தொகுதி, யாரு எம்.பி.ன்னு எழுதணும், அடியில பாத்தா நொச்சியூர் தொகுதின்னு செதுக்கியிருக்குது, அப்பிடி ஒரு தொகுதியே இப்ப இல்ல. இல்லாத தொகுதியோட வளரக் கூடாத பாலத்தை எப்பிடி இடிக்கிறதுன்னு ரோசனை பண்ணிட்டே டீ குடிச்சுட்டுக் கெளம்பிட்டாரு.

எல்லாம் நல்லாப் போச்சு, நாலாவதைத் தவிர.

நான் வையாபுரி எம்.பி. தொண்டையில பேசுனேன், அந்தக் கரகரப்பு, அந்த வெத்தலை மெல்லற சத்தம், ஒரு மயிரிழை பிசகல. கல்லு தண்ணிக்குள்ள மண்டைய மட்டும் காட்டிக்கிட்டு எருமையாட்டம் கெடந்துது. சரி, நகலுக்கு மசியாது போலன்னு வையாபுரியவே காரு வெச்சுக் கூட்டிட்டு வந்தோம். வெள்ளை வேட்டியில வந்தாரு, மாலை வாங்கிட்டாரு, மூணாவது தூணு மேல நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுனாரு, கல்லு அசையல. மட்டமான கல்லு, அப்பவே காண்ட்ராக்டரு ஏமாத்திப்போட்டான்னு கல்லைத் திட்டிட்டு, மாலையை மட்டும் பத்திரமா எடுத்துட்டுப் போனாரு.

அப்பத்தான் கோடையில தண்ணி வத்துன சமயத்துல ஒருத்தர் முங்கிப் பாசியச் சொரண்டிப் பாத்தாரு. மேல பெருசா வையாபுரின்னு இருக்குது, அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல, பாராளுமன்ற உறுப்பினர் அங்காத்தாள் அவர்கள்னு இருக்குது.

எங்களுக்கே மறந்துபோச்சுங்க. வையாபுரி ஏதோ கேசுல நிக்க முடியாதுன்னு ஆனதும் பொண்டாட்டி அங்காத்தாளை நிக்க வெச்சாரு. ஓட்டுக் கேட்டது அவரு, நன்றி சொன்னது அவரு, கல்லு நட்டது அவரு, எம்.பி.ன்னு நாங்க கும்புட்டதும் அவரைத்தான். அந்தம்மா வண்டியில பின்னால கைகூப்பிட்டு உக்காந்திருக்கும். அஞ்சு வருசத்துல அந்தம்மா வாயத் தொறந்து நாங்க யாரும் கேக்கல.

கேக்காத குரலை எப்பிடிப் பேசுறது. ஆனா நானு சும்மா இருப்பனா, என் பவுசு என்னாகுறது. ஒரு பொம்பளைக் குரலை நானாக் கட்டி, "அன்பான வாக்காளப் பெருமக்களே"ன்னு குழைஞ்சேன். கல்லு ஒரு அங்குலம் கீழ எறங்கிருச்சு. கரையில நின்ன பொம்பளைங்க எல்லாம் கல்லு பக்கம் சேந்துக்கிட்டாங்க, நல்லா வேணும்னாங்க.

இதுக்கு நடுவுல நான் பண்ணுன காரியத்தைச் சொல்லணும், சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. என் ஒரே பொண்ணு கோகிலவாணி, திருப்பூர்ல கட்டிக் குடுத்தது, மாசமா இருந்தா. அவளே பரிசல்ல பொறந்தவ, வெள்ளம் வந்த ஐப்பசியில ஆஸ்பத்திரிக்கு அக்கரை போறப்போ ஆத்து நடுவுல பொறந்தா. அவளுக்கு அடுத்த பையனுக்குப் பரிசல் கூட ஓடல, அவ்வளவு வெள்ளம், கரையிலயே போயிட்டான். அதனால பழனாத்தா கண்டிசனாச் சொன்னா, தலைப்பிரசவம்னு இங்க கூட்டிட்டு வர வேண்டாம், திருப்பூர்லயே பாக்கட்டும், பாலம் முடியட்டும்னு. நானு என்ன பண்ணுனேன், நாலு தூணு நின்ன தெம்புல, மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டு, ஐப்பசிக்குள்ள பாலத்துல ஆட்டோ ஓடும், புள்ளையக் கூட்டிட்டு வாங்கன்னு அஞ்சு எம்.பி. குரல்லயும் வாக்குக் குடுத்துட்டேன். அவ வந்து எறங்குன அன்னிக்குப் பழனாத்தா என்னைப் பாத்துச் சொன்னா, "ஆறாவது எம்.பி. ஆயிட்டீங்க."

அந்தச் சொல்லு தாங்காமத்தான் அங்காத்தாளைத் தேடிக் கருங்கல்தோட்டத்துக்குப் போனேன். அந்தம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுட்டிருந்துச்சு. வெவரத்தைச் சொன்னேன், புள்ளையச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். கேட்டுக்கிட்டே தட்டுக் கட்டை அவுத்துச்சு.

"நான் பேசணும்னு இருந்தேன் தம்பி," அப்பிடின்னுச்சு, எவ்வளவு மெதுவான்னா, மாடு மெல்லறதை நிறுத்துனதாலதான் எனக்குக் கேட்டுச்சு. "உங்க பாலத்தைப் பத்தித்தான். மனப்பாடம் பண்ணி வெச்சு, ஒரு நாள் எந்திரிச்சுட்டேன். சபாநாயகரு பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. மேல, வேடிக்கை பாக்கிறவங்க உக்கார்ற எடத்துல இவரு இருந்தாரு. கையைக் காட்டுனாரு, உக்காருன்னு. உக்காந்துட்டேன்."

"இப்ப வந்து பேசுங்கம்மா."

வீட்டுக்குள்ள இருந்து வையாபுரி குரல் வந்துச்சு. நான் பேசியே அசையாத கல்லு இவ பேசியா அசையப் போகுது, போயி வேலையப் பாருப்பான்னாரு. அந்தம்மா மாட்டுகிட்ட திரும்பிருச்சு. நான் வெறுங்கையோட வந்தேன், வர்ற வழியில யாரு குரல்லயும் பேசல, எனக்கே அது புதுசா இருந்துச்சு.

ஐப்பசி வந்துச்சு. மூணு நாள் விடாம மழை. நொச்சியாறு செவந்து பொங்கி, சுத்திப் போற ரோட்டையும் முழுங்கி, பரிசலைக் கவுத்துப் போட்டு, நாலாவது கல்லை மூடிட்டு ஓடுச்சு. அன்னிக்கு மத்தியானம் கோகிலாவுக்கு வலி கண்டுருச்சு. ஆட்டோவுல அவளையும் பழனாத்தாளையும் ஏத்திக்கிட்டு மூணாவது தூணு முனை வரைக்கும் போயி நிறுத்துனேன். அதுக்கு மேல பாலம் இல்ல. எதுத்தாப்புல டாக்டரு தூணு கெளைய நீட்டிட்டு நிக்குது, நடுவுல முப்பது கெஜத்துக்கு வெறும் காத்து, கீழ தண்ணி. பழனாத்தா புள்ளை இடுப்பைத் தடவிக்கிட்டிருந்தா. என்னைத் திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

நான் ஆட்டோவை உட்டு எறங்கி அந்த மடுவைப் பாத்து எனக்குத் தெரிஞ்ச குரலெல்லாம் பேசுனேன், அஞ்சு பேரையும் பேசுனேன், மாமனாரைக் கூடப் பேசுனேன். ஒண்ணும் நடக்கல. அப்ப பின்னால டிவிஎஸ் அம்பது சத்தம் கேட்டுச்சு. பால்காரர் வண்டி, அவருதான் போயிச் சேதி சொல்லியிருக்காரு, பின்னால பால் கேனுக்கு நடுவுல அங்காத்தாள், கையில குடை.

எறங்குச்சு, ஆட்டோவுக்குள்ள எட்டிப் பாத்துச்சு, கோகிலா தலையைத் தடவிக் குடுத்துச்சு. நான் மைக்கை நீட்டுனேன். "வண்டி அக்கரை போகும்போது உன்ற மைக்கும் வண்டிகூடத்தான் போகும், எனக்கெதுக்கு அது"ன்னுச்சு. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு முனையில போயி நின்னு, குடையை மடக்கிக் கீழ வெச்சுது.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே," அப்பிடின்னுச்சு.

மொதல்ல மழைச் சத்தம்தான் கேட்டுது. அந்தம்மா மறுபடி, கொஞ்சம் ஒரக்க, "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, நொச்சியூர் தொகுதியில கொறங்காட்டூர்னு ஒரு ஊரு இருக்குதுங்க. அங்க ஆத்துத் தண்ணி வந்தா பொம்பளைங்க வலியை அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. வலியை எத்தனை நேரமுங்க அடக்குறது."

தண்ணியக் கிழிச்சுக்கிட்டுக் கல்லு வந்துச்சு. சாண் சாணா இல்ல, ஆளாளா வந்துச்சு, பாசியும் நத்தையும் பழைய மாலையும் ஒழுக ஒழுக. அந்தம்மா எந்தப் பொம்பளை எந்த வருசம் எந்த எடத்துல பெத்தா, எது பொழச்சுது, எது போச்சுன்னு பேர் பேராச் சொல்லுது. எங்க பையனையும் சொல்லுச்சு, பதினாலு வருசம் கழிச்சு அவனை ஒருத்தங்க வாயில இருந்து கேட்டோம். பழனாத்தா என் தோளைப் புடிச்சா. தூணு தலை மட்டத்துக்கு வந்து ரெண்டு பக்கமும் கெளை விட்டுது, இந்தக் கெளை வந்து எங்க சக்கரத்துகிட்டத் தொட்டுச்சு.

இதுல ஒரு சிக்கல் பாருங்க. அந்தம்மா பேச்சை நிறுத்துனா தூணு நிக்குமா எறங்குமான்னு யாருக்கும் தெரியாது. நான் கேக்க வாயெடுத்தேன், அந்தம்மா கையாலயே போ போன்னு காட்டுச்சு, பேச்சை நிறுத்தாமலே. ஆட்டோவை எடுத்தேன். கல்லு இன்னும் ஈரம் காயல, சூடா இருந்துச்சு, ஆட்டோவுக்கு அடியில அது வளர்றது எனக்கு உக்கார்ற எடத்துல தெரிஞ்சுது. பின்னால அந்தக் குரல் சின்னதாகிட்டே வருது, மழை பெருசாகிட்டே வருது. நடு ஆத்துல ஒரு நொடி ஒண்ணுமே கேக்கல, நானு கண்ணை மூடிட்டேன், ஆட்டோ ஓட்டறவன் மூடக் கூடாது, மூடிட்டேன். அப்பறம் மழையைத் தாண்டி ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எந்த மைக்குலயும் நான் அப்பிடி ஒரு சத்தம் போட்டதில்ல.

"சபாநாயகரே, உக்காரச் சொல்லாதீங்க. நான் இன்னும் முடிக்கல."

அந்தச் சத்தத்துல கடைசிக் கெளை ஒட்டிக்கிச்சு. அக்கரையில நான் ஆஸ்பத்திரி வாசல்ல போயித்தான் மூச்சு உட்டேன். ஒரு மணி நேரத்துல பொண்ணு பொறந்துச்சு, மூணு கிலோ, பொறந்ததுமே போட்டது பாருங்க ஒரு சத்தம், நர்சம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

சேதி சொல்லலாம்னு திரும்பி வந்தேன். மழை விட்டிருந்துச்சு. ரெண்டு கரையிலயும் சனம் நிக்குது, இக்கரைத் தொகுதி, அக்கரைத் தொகுதி, எல்லாம் கலந்து நிக்குது. பாவாயி ஆட்டைப் புடிச்சுக்கிட்டுப் பாலத்து மேலயே நிக்குறா. ஓரமா வையாபுரி நிக்குறாரு, கை தூக்குறாரு, உக்காருன்னு காட்டுறதுக்குத்தான்னு நெனைக்கிறேன், பாவாயி ஆடு அவரையே பாத்துச்சு, கையை அப்பிடியே கொண்டு போயித் தலையைச் சொறிஞ்சுக்கிட்டாரு. அங்காத்தாள் இன்னும் பேசிட்டிருக்குது. பாலம் எப்பவோ முடிஞ்சு, பள்ளிக்கூடம் முடிஞ்சு, குடிதண்ணிக்கு வந்திருக்குது.

நான் பக்கத்துல போயி, இதுவரைக்கும் எனக்குப் பழக்கமே இல்லாத என் சொந்தக் குரல்ல சொன்னேன். "ஏனுங்கம்மா, பெண் குழந்தை, நல்லாருக்குது. பாலமும் நல்லா நிக்குது, இனி அசையாது. நீங்க உக்காரலாமுங்க."

அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்துச்சு.

"அஞ்சு வருசம் டெல்லியில உக்காந்துதான் தம்பி இருந்தேன்," அப்பிடின்னுச்சு. "நீ போயி ஒரு காப்பி வாங்கிட்டு வா."

திரும்பி ஆத்தைப் பாத்து, விட்ட எடத்துல இருந்து ஆரம்பிச்சுது.